விலாசம் தேய்த்த சம்புடம்: காரைக்குடிப் பழம்பொருள் கடை ஒன்றைப் பற்றி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளில் ஒன்றுக்குச் சென்ற மாதம் இரண்டு முறை போய், 2 கிலோ 300 கிராம் எடையுள்ள மூடி போட்ட பித்தளைச் சம்புடம் ஒன்றை 3,200 ரூபாய்க்கு வாங்கி வந்தோம். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. குறைகளையும் சேர்த்துத்தான் எழுதுவேன் என்று உரிமையாளரிடமே சொன்னபோது, "அப்பப் பேரு வேண்டாம் சார், விசயத்த மட்டும் எழுதுங்க" என்றார். அது எனக்கு நியாயமாகப் பட்டது. பொருளின் தரம், விலை, வாடிக்கையாளரை நடத்தும் முறை ஆகியவற்றைப் பற்றி நாலு வரி எழுதினால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கடைக்குள் எனக்கும் என் மனைவிக்கும் உரிமையாளருக்கும் இடையே எழுந்த பேச்சு, ஒரு செயல் சரியா தவறா என்பதை முதலில் சொல்வது உள்ளுணர்வா ஆராய்ந்தறியும் அறிவா, இரண்டும் மோதிக்கொண்டால் எதன் சொல்லைக் கேட்பது என்ற இடத்துக்குப் போய்விட்டது. தத்துவப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் இது எனக்குப் பழகிய கேள்விதான். ஆனால் வகுப்பில் யாரும் கையில் பணத்தை வைத்துக்கொண்டு அதைக் கேட்டதில்லை. (பகுத்தறிவு என்ற சொல் நம்மூரில் மேடைக்குப் போய் வேறு நிறம் பெற்றுவிட்டதால், இந்தக் கட்டுரை முழுவதும் அறிவு என்றே எழுதுகிறேன்.)

முதலில் கடையைச் சொல்லிவிடுகிறேன். முன்கட்டில் எனாமல் தூக்குகளும் அடுக்குகளும் கூரை வரை தொங்குகின்றன; சிலவற்றைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஸ்வீடன், ஜப்பான் முத்திரைகள் மங்கலாகத் தெரிகின்றன. அதை அடுத்துப் பித்தளையும் வெண்கலமும், பின்கட்டில் மரச் சாமான்களும், கொல்லைப்புறக் கொட்டகையில் தூண்களும் நிலைக்கதவுகளும் இருக்கின்றன. பித்தளையை எடை போட்டுத்தான் விற்கிறார்கள்; வேலைப்பாடு இருந்தால் அதற்குத் தனியாகக் கேட்கிறார்கள். பேரம் உண்டு, ஆனால் ஒரு முறைதான் இறங்கி வருகிறார்.

உரிமையாளரின் கைத்திறமை பார்க்கத் தக்கது. வெண்கலப் பானையைச் சுண்டுவிரலில் தொங்கவிட்டு மறுகை நகத்தால் ஒரு தட்டுத் தட்டி, ஓசை நின்று அடங்கும் நேரத்தைக் கேட்டே ஒட்டுப் போட்டதா இல்லையா என்று சொல்லிவிடுகிறார். தேக்கு என்றால் மறைவான ஓரத்தில் கத்தி முனையால் மயிரிழை அளவு சீவி, முகர்ந்து பார்த்து, "பர்மா" என்கிறார், அல்லது ஒன்றும் சொல்லாமல் கீழே வைக்கிறார். எப்படித் தெரிகிறது என்று கேட்டதற்கு அவரால் விளக்க முடியவில்லை. விளக்க முடியாத இந்த அறிவை நான் மதிக்கிறேன், ஏனெனில் அது நாள்தோறும் சோதனைக்கு உள்ளாகிறது: அவர் பர்மா என்று வாங்கிய மரம் நாளை தச்சனின் ரம்பத்துக்குப் போகும், தவறாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். டேனியல் கானமன், கேரி க்ளைன் என்ற இரு உளவியலாளர்கள், ஒருவர் உள்ளுணர்வை ஐயுறுபவர், மற்றவர் அதை நம்புபவர், 2009இல் சேர்ந்து எழுதிய ஆய்வுரையில் வந்து நின்ற இடமும் ஏறக்குறைய இதுதான். ஒழுங்கு உள்ள துறையில், செய்த கணிப்பு சரியா தவறா என்று உடனுக்குடன் திரும்பத் தெரியும் நிலையில், நெடுநாள் பழகியவரின் உள்ளுணர்வை நம்பலாம். அந்த இரண்டும் இல்லாத இடத்தில் அவர் எவ்வளவு உறுதியாகப் பேசினாலும் நம்ப இயலாது.

கோயம்புத்தூரில் புதுக்குடித்தனம் போயிருக்கும் மகளுக்கு அரிசி போட்டு வைக்க ஒரு சம்புடம் தேடித்தான் போயிருந்தோம். என் மனைவி ஒன்றைக் கையில் எடுத்தாள். நல்ல கனம், மூடி காற்றுப் புகாமல் பொருந்தியது. கழுத்தைச் சுற்றித் துடைத்துப் பார்த்தவள் சட்டென்று கீழே வைத்துவிட்டாள். உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டிய எழுத்துகள், நடுவே சின்னப் புள்ளிகளோடு ஒரு விலாசம். வெளியூர் வாசகர்களுக்காக: விலாசம் என்பது இங்கே முகவரி அன்று, நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டு முன்னோர் பெயர்களின் தலைப்பெழுத்துகள் சேர்ந்த குடும்ப அடையாளம். பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்ச் சாமான்களில் கரண்டி வரைக்கும் அதை வெட்டிவிடுவார்கள். அந்த எழுத்துகளை இங்கே எழுத மாட்டேன். இந்த வட்டாரத்தில் விலாசம் தெரிந்தால் வீடு தெரிந்துவிடும்.

"யாரு வீட்டுச் சீரோ, எந்த நெலமையில வித்தாகளோ, நமக்கு வேண்டாங்க" என்றாள். நான் காரணம் கேட்டேன். விற்றவர் மனவருத்தத்தோடு விற்றிருப்பார் என்றாள். உரிமையாளர் தன் குறிப்பேட்டைப் புரட்டி, பாகப் பிரிவினையில் பங்கு வந்த பேத்தி ஒருவர், சென்னையில் அடுக்ககத்தில் வைக்க இடமில்லை என்று தாமே கூப்பிட்டு எடை போட்டுக் கொடுத்ததாகச் சொன்னார். பாட்டி புழங்கிய பாத்திரம் அல்லவா என்றாள். உள்ளே பூசிய ஈயம் தேயாமல் இருப்பதைக் காட்டி, அடுப்பும் அரிசியும் காணாமல் பூட்டிய அறையிலேயே இருந்த பாத்திரம் என்றார். அதுவும் நடப்பதுதான்: ஒரு பெண்ணுக்கு ஏழு தலைமுறைக்குப் போதுமான அளவு சாமான் பரப்பிவிட்டு, பிறகு அறையில் அடுக்கிச் சாவி போட்டுவிடும் வழக்கம் இங்கே இருந்திருக்கிறது. ஒவ்வொரு காரணமும் அடிபட்டுப் போன பிறகும் அவள் சொன்னது, "இருக்கட்டும், ஆனா வேண்டாம்."

நான் பாடம் நடத்திய காலத்தில் மாணவர்களுக்கு இதற்கு உதாரணம் தேடி அலைந்திருக்கிறேன். உளவியலாளர் பால் ரோஸினும் அவருடன் பணியாற்றியவர்களும் 1986இல் வெளியிட்ட சோதனையில், கிருமி நீக்கிய செத்த கரப்பான்பூச்சியைப் பழச்சாற்றில் தொட்டு எடுத்துவிட்டுக் குடிக்கச் சொன்னார்கள்; கெடுதல் இல்லை என்று தெரிந்தும் பலர் தொடவில்லை. ஒழுக்கத் தீர்ப்பும் இப்படித்தான் எழுகிறது என்று உளவியலாளர் ஜொனதன் ஹைட் 2001இல் வாதிட்டார். தீர்ப்பு முதலில் உள்ளுணர்வாக வந்துவிடுகிறது, காரணம் பிறகு வருகிறது. அறிவு நீதிபதியைப் போல இருபக்கமும் கேட்பதில்லை, கட்சிக்காரர் சொன்ன முடிவுக்கு வாதாடும் வக்கீலாக இருக்கிறது என்பது அவர் கருத்து. காரணம் எல்லாம் தீர்ந்தும் முடிவை விடாமல் திகைத்து நிற்கும் நிலையை அவர் தனியாகவே குறித்துச் சொன்னார். பதினெட்டாம் நூற்றாண்டில் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம், அறிவு உணர்ச்சிகளுக்கு ஏவல் செய்யும் அடிமை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்று சொன்னதன் மறுபிறப்பு இது. என் மனைவி கரப்பான்பூச்சிப் பக்கம், நான் கிருமி நீக்கிய பக்கம் என்று அப்போது எனக்குள் ஒரு பெருமிதம் இருந்ததை மறைக்கவில்லை.

அது ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. பக்கத்து அலமாரியில் அதே அளவில் இருந்த மூன்று சம்புடங்களை அவள் எடுத்துப் பார்த்தாள். எழுத்து ஒன்றும் இல்லை. ஆனால் கழுத்தோரம் விரலை ஓட்டியபோது ஒரே இடத்தில் மட்டும் வழுக்கிக்கொண்டு பள்ளமாகப் போயிற்று. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அரத்தின் கீறல்கள் இழை இழையாகத் தெரிந்தன, ஒரு முனையில் அழியாமல் தப்பிய ஒரே ஒரு புள்ளி. "இதுல ஏன் எழுத்து இல்ல?" என்று கேட்டாள். உரிமையாளர் மழுப்பவில்லை. "வாங்குறவுகளுக்கு எழுத்தப் பாத்தா மனசு உறுத்துது. அதான் பையன விட்டுத் தேய்க்கச் சொல்லிட்டேன்" என்றார்.

இந்தக் கடையின்மேல் என் முதல் குறை இதுதான், இதை நான் சில்லறைக் குறையாக நினைக்கவில்லை. பழம்பொருளின் வரலாற்றை அழிப்பது வணிக நோக்கிலும் அறிவீனம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வாங்குபவருக்கு எழும் உறுத்தல் ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை அவருடைய குறிப்பேட்டிலேயே இருந்தது, எங்களுக்கு அதைக் காட்டினார், விடையும் நல்லதாகவே இருந்தது. அப்படியிருக்க, கேள்வியையே அரம் போட்டுத் தேய்த்துவிட்டால் நல்ல வழியில் வந்த பாத்திரமும் கெட்ட வழியில் வந்த பாத்திரமும் ஒரே மாதிரி மினுங்கும். என் மனைவியின் உள்ளுணர்வு அந்த முதல் சம்புடத்தைப் பற்றிச் சொன்ன தீர்ப்பு தவறு என்றே இன்றும் சொல்வேன். ஆனால் அந்த உள்ளுணர்வு இல்லாத நான் மட்டும் போயிருந்தால், அரம் போட்ட இடத்தில் விரல் வைத்திருக்கவே மாட்டேன்.

அவளுடைய உள்ளுணர்வுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கொட்டகையில் பத்தடி உயரத் தேக்குத் தூண்கள் ஆறு சாத்தியிருந்தன, அடியில் கருங்கல் பீடத்தில் உட்கார்ந்திருந்த தடம் வட்டமாக நிறம் மாறித் தெரிந்தது. ஒரு வீட்டின் வளவையே (தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தையே) பெயர்த்துக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது பார்த்தவுடன் விளங்கும். அந்தத் தூண்களைப் பார்த்து எங்கள் இருவருக்கும் ஒன்றுமே உறுத்தவில்லை. அவள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். எடுத்துக் கொடுத்தது நான். இரண்டரைக் கிலோகூட இல்லாத சம்புடத்துக்குத் துடித்த நெஞ்சு, ஒரு வீடே பெயர்ந்து கிடந்தபோது தூங்கிக்கொண்டிருந்தது. சம்புடத்தில் பெயர் இருந்தது, தூணில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங் 1968இல் எழுதிய கட்டுரையில் இதைத் தொட்டிருக்கிறார்: ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு அறுவை சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்றால் அஞ்சலகம் கொள்ளாமல் காசு வந்து குவியும், வரி இல்லாமல் மருத்துவமனைகள் நலிந்து, பெயர் தெரியாத சிலர் கூடுதலாக இறப்பார்கள் என்றால் அதிகம் பேர் கண் கலங்க மாட்டார்கள். கட்டுக்கடங்காமல் ஓடும் டிராம் வண்டியிலிருந்து தண்டவாளத்தில் நிற்கும் ஐவரைக் காக்க, அதை வேறு தடத்துக்குத் திருப்பி ஒருவரைச் சாகவிடலாமா என்று தத்துவ அறிஞர் ஃபிலிப்பா ஃபுட் 1967இல் தொடங்கிவைத்த புதிரிலும் இதே இயல்பு தெரியும். வண்டியைத் திருப்பலாம் என்பவர்களே, அதை நிறுத்த ஒருவரைப் பாலத்திலிருந்து கையால் தள்ள வேண்டும் என்றால் முடியாது என்கிறார்கள். ஆய்வாளர் ஜோஷுவா கிரீனும் அவர் குழுவினரும் 2001இல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, கையால் தள்ளுவது போன்ற கேள்விகளில் உணர்ச்சியோடு தொடர்புடைய பகுதிகள் கூடுதலாக இயங்கின. கைக்கெட்டும் தூரத்துக்கும் கண்ணில் படும் பெயருக்கும்தான் உள்ளுணர்வு விழிக்கிறது. தூணைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் அறிவைத்தான் உட்கார்த்தி வைத்துக் கேட்க வேண்டும்.

கேட்டுப் பார்த்தால் கேள்விகள் நிறைய. செட்டிநாட்டு வீடு ஒன்றுக்குப் பல பங்காளிகள் உரிமையாளர்கள். மலேசியாவில் ஒருவர், சென்னையில் நால்வர், ஊரில் ஒருவர் என்று சிதறியிருப்பார்கள். ஊரில் இருப்பவர் மட்டும் கையெழுத்துப் போட்டுத் தூணைக் கொடுத்தால் அது விற்பனையா வேறொன்றா? 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம், நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பொருள்களைத் தொல்பொருள் என்கிறது. கட்டடத்திலிருந்து பெயர்த்த பொருளும் அந்த வரையறைக்குள் வரும். விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிய செட்டிநாட்டு ஊர்கள், இப்படித் தூண் தூணாகத்தான் குறைந்துகொண்டிருக்கின்றன.

இன்னும் பின்னோக்கிப் போனால் அந்தத் தேக்கை வாங்கிய பணத்தின் கேள்வியும் இருக்கிறது. 1930இல் கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில், அங்கே கடன் கொடுத்துவந்த செட்டியார்கள் வசம் இருந்தது சுமார் 6 விழுக்காடு நிலம். நெல் விலை சரிந்து கடன்கள் திரும்பாமல் போகவே, அந்தப் பத்தாண்டின் இறுதியில் அது சுமார் 25 விழுக்காடு ஆயிற்று. பத்திரங்கள் சட்டப்படி சரியாக இருந்தன, கடன் கொடுத்தவர்கள் வேண்டியது நிலத்தை அன்று, பணத்தைத்தான். ஆனால் உழுத நிலத்தை இழந்த பர்மியனின் நெஞ்சு அந்தப் பத்திரத்தைப் படித்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. இருவரில் யார் சரி என்று இன்றைக்கும் என்னால் ஒரே சொல்லில் சொல்ல முடியாது. ஒருவர் கணக்கைப் பார்த்தார், மற்றவர் கைவிட்டுப் போன வயலைப் பார்த்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்று யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

தூண்களைப் பற்றி உரிமையாளரிடம் கேட்டபோது, தாம் நேரடியாக எடுத்த வீடுகளுக்குப் பங்காளிகள் அனைவரும் கையெழுத்திட்ட தாளைக் காட்டினார். ஆறில் நான்கு தூண்களுக்குத் தாள் இருந்தது. மற்ற இரண்டும் வேறொரு வியாபாரியிடம் வாங்கியவை, "அதுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்?" என்றார். வாங்காமல் இருந்திருக்கலாம் என்பதே என் பதில். இது இரண்டாவது குறை.

இரண்டாம் முறை போனபோது கண்ட ஒன்றையும் எழுத வேண்டும், ஏனெனில் இந்தக் கடைக்கு நான் மீண்டும் போவேன் என்றால் அதற்காகத்தான். பில் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் ஓர் இளைஞர் துண்டில் சுற்றிய குத்துவிளக்கோடு வந்தார். உரிமையாளர் விளக்கை அவிழ்க்கக்கூடச் சொல்லாமல், "இல்லப்பா, எடுக்கல" என்று அனுப்பிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "அந்தத் தம்பி என்னையப் பாக்கல, வெளக்கையும் பாக்கல, ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சு."

எனக்கு இது பிடிக்கவில்லை. வீட்டு விளக்கை விற்கும் நிலைமைக்கு வந்தவர், தெரிந்தவர் யாரும் பார்த்துவிடப் போகிறார்களே என்று தெருவைப் பார்த்திருக்கலாம் அல்லவா? வெட்கத்துக்கும் திருட்டுக்கும் கண் ஒரே பக்கம்தான் திரும்பும். மரத்தைப் பற்றிய அவர் கணிப்பை ரம்பம் சோதிக்கிறது, திருப்பி அனுப்பிய மனிதரைப் பற்றிய கணிப்பை எதுவும் சோதிப்பதில்லை. அந்த இளைஞர் யார் என்று அவருக்குக் கடைசி வரை தெரியப்போவதில்லை. இதைச் சொன்னதும் அவர் சற்று நேரம் பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இருக்கலாம் சார். அதனாலதான் அந்தத் தம்பிய நான் திருடன்னு சொல்லல, ஸ்டேசனுக்கும் போன் போடல. நான் வாங்கல, அம்புட்டுத்தேன்" என்றார்.

நான் படித்த நூல்களில் இந்த வேறுபாட்டை இவ்வளவு சுருக்கமாகக் கண்டதில்லை. தன் கையைத் தான் இழுத்துக்கொள்வதற்கு அவருக்கு உறுத்தலே போதுமானதாக இருந்தது. இன்னொருவர்மேல் பழி போடுவதற்கு அது போதாது, சான்று வேண்டும் என்று வைத்திருக்கிறார். இந்த அளவுகோலை வைத்தால் என் மனைவி சம்புடத்தைத் தனக்கு வேண்டாம் என்றது அவள் உரிமை, விற்ற பேத்தியைக் குறைவாகப் பேசியிருந்தால்தான் பிழை. கையை இழுத்துக்கொள்வதாலும் இன்னொருவருக்கு நட்டம் வரலாம், அந்த இளைஞர் அன்றிரவு வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருக்கலாம் என்பது உண்மை. அவருடைய முறையில் அந்த ஓட்டை இருக்கிறது. ஆனால் அதே உரிமையாளர் அந்த இரண்டு தூண்களை வாங்கியபோது அவருக்கு உறுத்தவே இல்லை, வாங்குபவர்களுக்கு உறுத்தியதையோ அரம் போட்டுத் தேய்த்துவிட்டார் என்பதையும் நான் அவரிடமே சொன்னேன். சிரித்தார், மறுக்கவில்லை. தேய்ப்பதை நிறுத்துவதாக வாக்கும் கொடுக்கவில்லை.

கடைசியில் எழுத்து இருந்த சம்புடத்தையே வாங்கினோம். நான் வற்புறுத்தவில்லை. தேய்த்த மூன்றையும் பார்த்த பிறகு என் மனைவிதான், "பேரு இருக்குறதே இருக்கட்டும், இதாவது யாருதுன்னு தெரியும்" என்று அதைத் திரும்பக் கையில் எடுத்தாள். அவள் மாறியதற்குக் காரணம் என் வாதம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். பக்கத்தில் இருந்த மழுங்கிய கழுத்துகளைக் கண்டு எழுந்த இன்னொரு உள்ளுணர்வு முதல் உள்ளுணர்வைத் தள்ளிவிட்டது என்பதே உண்மையாக இருக்கும். பில்லில் எடையோடு, 'விலாசம் உள்ளது, பாகப் பிரிவினைச் சாமான்' என்று எழுதித் தரச் சொன்னேன், மறுக்காமல் எழுதிக் கொடுத்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். நடுப்பகலில் கடை பூட்டியிருக்கும், காலையிலேயே போவது நல்லது. அட்டை வாங்குவதில்லை, ஜிபே உண்டு. எழுத்து இல்லாத பித்தளை என்றால் கழுத்தோரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், மரம் என்றால் தாளைக் கேளுங்கள். கேட்டால் இருப்பதைக் காட்டுகிறார், இல்லாததை இருப்பதாகச் சொல்வதில்லை. பித்தளையில் புளி, மோர் வைப்பதாக இருந்தால் புதிதாக ஈயம் பூசாமல் வைக்கக் கூடாது. எங்கள் சம்புடம் அரிசிக்குத்தான் என்றாலும் ஈயம் பூசக் கொடுத்தோம். பூசியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பழைய எழுத்துக்குக் கீழே இடம் இருக்கிறது, உங்கள் பெயரையும் வெட்டித் தரவா என்று கேட்டார். மகளிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று வந்திருக்கிறோம்.